மூன்று சுழி அண்ணை

அண்ணை, உங்கள் குழாய் அகப்பட்டுவிட்டது! மல்வேர்னிலிருந்து பிக்கரிங்குக்கு வீடு மாறியபோது தொலைந்துபோனதென்று நான் என் வீட்டுக்காரரோடு ஆறு மாதம் சண்டை பிடித்தேனே, சுவரொட்டிகளைச் சுருட்டி வைத்திருந்த அந்த மண்ணிற அட்டைக் குழாய்தான். போன செவ்வாய்க்கிழமை பேஸ்மென்றில், கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குப் பின்னால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திருகியதும் மணம் முகத்தில் அடித்தது. போஸ்ரர் நிறமும் கோந்தும், கூடவே எங்களுக்குத் தெரியாதென்று நினைத்து எங்கள் அச்சகத்தின் பின்கதவில் நின்று நீங்கள் இழுத்த சிகரெட்டும். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

அதே கிழமை மகள் என் போனுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியிருந்தாள். "அம்மா, திஸ் இஸ் யுவர் அண்ணை, ரைட்?" என்று கீழே ஒரு கேள்வி. ரொன்செஸ்வேல்ஸ் தெருவில், உங்கள் போலந்து ஆட்கள் பாணும் சொசேஜும் விற்கும் கடைகளுக்கு நடுவே இருக்கும் சிறிய கலைக்கூடம் ஒன்றில் உங்கள் சுவரொட்டிகளின் கண்காட்சி! அடர்ந்த மீசையோடு உங்கள் இளவயதுப் படம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அதற்குப் பிறகுதான் அடியில் இருந்த குறிப்பை வாசித்தேன். வார்சோவில் படித்தது, பெயர் எடுத்தது, பரிசு வாங்கியது எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசி வரி இது: கனடாவுக்குக் குடிபெயர்ந்த பின் அவர் வரைவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டாராம்! நீங்கள் இங்கே வரைந்த பதினான்கு சுவரொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நான் அதை வாசிக்கிறேன். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து இவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு மெல்ல மேலே போய்விட்டார். ஒரு மனிதனின் வாழ்க்கையில் பாதியை ஒரே வரியில் வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதையே சுவரிலும் எழுதப் போகிறார்கள். கண்காட்சி திறக்கப் பத்து நாள் இருந்தது. அதற்குள் அந்த வரியை மாற்றியே தீருவது என்று எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது.

நீங்கள் எங்களிடம் வந்தது வேலை கேட்டு. ஸ்காபரோ பிளாசாவில், பேக்கரிக்கும் சலூனுக்கும் நடுவில் எங்கள் அச்சகம். கல்யாண அட்டை, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் செத்தவரின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் அடிப்போம். நான் தமிழ் ரைப் செய்வேன், இவர் மெசினைப் பார்ப்பார். கடதாசி வெட்ட ஆள் தேவையென்று கதவில் ஒட்டியிருந்தோம். ஐம்பது வயது கடந்த ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்து, வெட்டும் மெசினை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு நேராக வெட்டத் தெரியும்" என்றார். என் வீட்டுக்காரருக்கு ஒரே கூச்சம். "உவருக்கு நான் என்னெண்டு வேலை சொல்லுறது?" என்று என் காதுக்குள் கிசுகிசுத்தார். உங்களுக்கு வேலை சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

உங்கள் பெயரைப் படிவத்தில் வாசித்துப் பார்த்தேன். மெய்யெழுத்துகளாகவே வந்துகொண்டிருந்தன, உயிரெழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டு மூன்றாம் நாள் அண்ணை என்று கூப்பிட்டேன். என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். மூத்த சகோதரன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தங்கை இருந்ததில்லை. சரி" என்றீர்கள். அன்றிலிருந்து கடைக்கு வரும் சனமெல்லாம் உங்களுக்கு அண்ணை என்றுதான் சொல்லியது.

ஒரு வருடம் உங்களைக் கடதாசி வெட்டுகிறவர் என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் ஏதோ சங்கத்தின் கலைவிழாச் சுவரொட்டியை நான் கொம்பியூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர், பிரதம விருந்தினர், அவருடைய மனைவி என்று முப்பது நாற்பது தலைகள். எனக்குப் பின்னால் வந்து நின்று, "இவர்கள் எல்லாம் தேடப்படும் குற்றவாளிகளா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்குத் தைரியம் வந்ததோ என்னவோ, அன்று மத்தியானம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னீர்கள். வார்சோவில் இருபது வருடம் நாடகத்துக்கும் சர்க்கஸுக்கும் சினிமாவுக்கும் சுவரொட்டி வரைந்தவர் நீங்கள் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "நடிகருடைய முகத்தை நாங்கள் போட மாட்டோம். அது படத்துக்குள் இருக்கிறதே, வெளியில் எதற்கு?" என்றீர்கள். ஒவ்வொன்றும் தணிக்கை அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கித்தான் தெருவுக்கு வருமாம். தணிக்கைக்காரர் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பாராம். அவரைப் போல ஒரு ரசிகர் இனிக் கிடைக்க மாட்டார் என்று பெருமூச்சு விட்டீர்கள். பட்டாளம் தெருவில் இறங்கிய பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் ஒரு பெட்டியோடு வந்துவிட்டீர்கள்.

"ஏன் இஞ்ச ஒண்டும் கீறேல்லை?" என்று இவர் என்னைக் கொண்டு கேட்பித்தார். நீங்கள் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம். "இந்தத் தெருவில் இருப்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் எப்படிச் சுவரொட்டி வரைவது?"

அதைத் தெரிய வைத்தது ஒரு நாடகம். டோர்செட் பார்க்கில் இருந்த நாடகக்காரர் ஒருவர் நோட்டிஸ் அடிக்க வந்தார். நாடகத்தின் பெயர் 'வரிசை'. அகதி விசாரணைக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பம், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் லைனில் நிற்கிறது, அதுதான் கதை. நான் உங்களுக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் வெட்டும் மெசினை நிறுத்திவிட்டீர்கள். "வரிசையா? அதில் நான் பட்டம் வாங்கியவன்" என்றீர்கள். உங்கள் ஊரில் முதலில் வரிசையில் நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் என்ன விற்கிறார்கள் என்று கேட்பீர்களாம். யுத்த காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெய்க்கும், ஊரைவிட்டு வெளியே போகும் பாஸுக்கும் நின்றதை நாடகக்காரர் சொன்னார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கதைத்தீர்கள். நடுவில் நின்று மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பிறகு பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டச் சொன்னீர்கள். எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துச் சத்தம் கேட்டீர்கள். 'சை' வந்தபோது விரல் நின்றுவிட்டது.

"இதில் எது முதலில் ஒலிக்கும்?"

"ச. அதுக்குப் பிறகு ஐ."

"ஐ-யின் குறி முன்னால் நிற்கிறதே?"

"அது அப்பிடித்தான் எழுதுறது, அண்ணை."

மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தீர்கள். "இவர் பின்னால் நிற்க வேண்டியவர்! இடையில் புகுந்திருக்கிறார்!"

ஐந்து வயதிலிருந்து எழுதிவருகிறேன், ஒருநாளும் கண்டதில்லை. வரிசை என்ற சொல்லுக்குள்ளேயே ஒருவன் வரிசையைக் குழப்பிக்கொண்டு நிற்கிறான்! நாங்கள் மூன்று பேரும் சிரித்த சத்தத்துக்கு இவர் மெசினை நிறுத்திவிட்டு வந்தார். மூன்றாம் நாள் சுவரொட்டியைக் கொண்டுவந்து விரித்தீர்கள். செங்கல் நிறப் பின்னணி. தூரிகையால் எழுதிய எழுத்துகள் பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றன. அந்த ஐகாரக் குறி மட்டும் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. மருந்துக்குக்கூட ஒரு தலை இல்லை.

நாடகத்தை மேடையேற்றிய விழாக்குழுவின் செயலாளருக்குக் கண் சிவந்துவிட்டது. "உதில பிரதம விருந்தினற்ர படம் எங்க? உதென்ன எழுத்துக்குச் சப்பாத்து?" என்று குதித்தார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "படம் வேணுமெண்டால் கலியாண அல்பத்தில போடுங்கோ" என்றுவிட்டேன். நாடகக்காரர் எங்கள் பக்கம் நின்றதால் தப்பினோம். ஒட்டிய மறுநாளே கடைக்காரர்கள் போன் எடுத்தார்கள். சனம் கழற்றிக்கொண்டு போகிறதாம், இன்னும் தரட்டாம்! மண்டபத்தில் இருக்க இடமில்லாமல் சனம் பின்சுவரோடு நின்றது. நீங்கள் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தீர்கள். ஒரு சொல்லும் விளங்காமல், எல்லாரும் சிரித்து முடிந்த பிறகு தனியே சிரித்தீர்கள்.

உங்கள் பெயரை எங்கே போட்டீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. டோர்செட் பார்க் பலசரக்குக் கடை அன்ரிதான் கண்டுபிடித்தார். அவர் மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். போனில் கூப்பிட்டு, "பிள்ளை, உது மாதா கோயில் நாடகமோ? அடியில அன்னை எண்டு கிடக்கு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசிச் சப்பாத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் 'அன்னை'! எங்களை ஆச்சரியப்படுத்துவதற்காக யாரிடமும் கேட்காமல் உங்கள் தமிழ்ப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்று சுழி 'ண' போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன'.

"சுழி குறைந்தால் நான் அம்மா ஆகிவிடுவேனா?" என்று திகைத்துப் போனீர்கள். ஓம் என்றேன். அந்தப் பின்னேரம் முழுவதும் உங்கள் கொப்பியில் சுழி போட்டுப் பழகினீர்கள். நான் பக்கத்தில் நின்று, சுழியை எண்ணிப் பார்த்து, சிவப்புப் பேனையால் 'சரி' என்று எழுதினேன். அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்துக்குச் சுவரொட்டிகளில் அண்ணை அண்ணையாகவே இருந்தார். இசை நிகழ்ச்சி, புத்தக வெளியீடு, இன்னும் நாடகங்கள் என்று நீங்கள் எங்களுக்காக வரைந்துகொண்டேதான் இருந்தீர்கள். உங்கள் செத்தவீட்டுக்குப் போலந்திலிருந்து வந்த மருமகள், உங்கள் அக்காவின் மகள், கொப்பிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். குழாய் எங்கே என்று எனக்கே தெரியாததால் நான் சுவரொட்டிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் இவ்வளவு வினைக்கும் காரணம்.

வியாழக்கிழமை பிக்கரிங்கில் ரெயின் எடுத்து, யூனியன் ஸ்ரேசனில் இறங்கி, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் தொற்றிக்கொண்டு போனேன். குழாய் மூன்று பேருக்கு இடித்தது. கலைக்கூடத்துக்குப் பொறுப்பானவள் ஆனியா என்ற பெண். முப்பது வயது இருக்கும், உங்கள் ஊர்ப் பிள்ளை. வரைவதை நிறுத்தவில்லை என்று வாசலிலேயே தொடங்கிவிட்டேன். பாவம், எனக்குத் தண்ணீர் தந்து இருத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்தாள். 'வரிசை'யைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தாள். தமிழ் தெரியாத பிள்ளைக்குக்கூட அந்த முழங்கை விளங்கிவிட்டது.

"எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் கலைக்கூடக் குழு கேட்கும். அவர் எல்லாவற்றிலும் பெயர் போட்டவர், இவற்றில் பெயர் இல்லையே" என்றாள். அடியில் இருந்ததைக் காட்டி, சுழிக் கதையையும் சொன்னேன். ரசித்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, எழுத்தில் ஏதாவது சான்று இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். என்னிடம் என்ன இருக்கிறது? கடையை விற்றே பல வருடமாகிவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க எழுந்து அறையைச் சுற்றினேன். மருமகள் அனுப்பிய உங்கள் கொப்பிகளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் நிறையச் சுழி. பக்கத்தில் குறிப்பு: தலைப்பில்லை, சுழல் வடிவங்கள், அரூபப் பயிற்சி.

அண்ணை, நான் போட்ட கூச்சலில் வெளியே நாயோடு நடந்துபோனவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, உது அரூபம் இல்லை! உது எங்கட ண, ன!" எனக்கு ஆங்கிலமே வரவில்லை. வரிக்கு வரி மூன்று சுழி, இரண்டு சுழி, அடியில் சிவப்புப் பேனையில் 'சரி' என்று என் கையெழுத்து! ஆனியாவின் பேனையைப் பிடுங்கி ஒரு துண்டில் 'சரி' என்று எழுதிக் கண்ணாடிக்கு மேலே வைத்தேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து உங்கள் மொழியில் என்னவோ சொன்னாள். பின்னேரமே குழு கூடிப் பேசியது. அந்த வரியை எடுத்துவிட்டார்கள், அண்ணை! பதினான்கும் தொங்கப் போகின்றன. 'வரிசை' வாசலுக்கு நேரே. வருகிற சனிக்கிழமை திறப்பு. நாடகக்காரர் வருகிறார், பலசரக்குக் கடை அன்ரி பேரப்பிள்ளைகளோடு வருகிறார், இவர் புதுச் சேட்டு வாங்கியிருக்கிறார்.

நேற்று மறுபடியும் போனேன். சுவரொட்டிகளை நாள் வாரியாக அடுக்கிக் கொடுக்கவும், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதவும் என்னைக் கேட்டிருந்தார்கள். கையெழுத்துக்கு நான் எழுதிக்கொண்டு போன குறிப்பு எனக்கே பிடித்திருந்தது. ஓவியரின் எழுத்துப்பிழை, அண்ணை அன்னையான கதை என்று கலகலப்பாக எழுதியிருந்தேன். ஆனியா பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, "முதலாவதில் இரண்டு சுழி. இரண்டிலிருந்து எட்டு வரை மூன்று. ஒன்பதிலிருந்து கடைசி வரை திரும்பவும் இரண்டு. அவர் மறந்துவிட்டாரா?" என்று கேட்டாள்.

மறதி இல்லை, பிடிவாதம் என்றேன். அந்த ஒன்பதாவது எனக்கு நல்ல ஞாபகம். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது நான் சத்தம் போட்டேன். "என்ன அண்ணை, திரும்பவும் அம்மாவாகிட்டியள்! எத்தினை தரம் சொல்லுறது? ஒரு சுழி போட என்ன கஷ்டம்?" நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் தூரிகையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் அரைகுறைத் தமிழில், "எண்ணித்தான் போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு மெசினுக்குத் திரும்பிப் போனீர்கள். இரண்டு சுழிதான் கண்ணுக்கு அழகென்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று நான் நினைத்தேன். கலைஞர்களோடு யார் வாதாடுவது என்று விட்டுவிட்டேன்.

ஆனியா என்னைச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் அன்று காலைதான் ஒட்டிய உங்கள் வாழ்க்கைக் குறிப்பில் ஓர் இடத்தில் விரலை வைத்து வாசித்தாள். மருமகளின் கடிதங்களிலிருந்து எடுத்ததாம். மாசி மாதம் தாயார் காலமானார். செய்தி ரொறன்ரோவுக்கு வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஒன்பதாவது சுவரொட்டியில் இருந்த நாளைப் பார்த்தேன். அதே வருடம், பங்குனி தொடக்கம்.

நீங்கள் ஒருநாள்கூட லீவு கேட்கவில்லை. அந்தக் கிழமையும் யாரோ ஒருவருடைய தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி அடித்திருப்போம், நீங்கள்தான் வெட்டியிருப்பீர்கள், ஓரம் பிசகாமல் கட்டிக் கொடுத்திருப்பீர்கள். உங்கள் அம்மாவுக்கு ஒன்று அடித்துத் தாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் கடையைப் பூட்டிவிட்டுச் செய்திருக்க மாட்டோமா? எண்ணுவது என்றால் கணக்கிடுவது மட்டுமில்லை, நினைப்பதும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தரவில்லை. தெரியாமலே சொன்னீர்களோ என்னவோ. நான் உங்களைச் சபையில் வைத்துத் திட்டியிருக்கிறேன், அண்ணை. என்னை மன்னியுங்கோ.

குறிப்பில் இருந்த எழுத்துப்பிழை என்ற சொல்லை வெட்டினேன். கலகலப்பையும் வெட்டினேன். அப்படியென்றால் என்ன எழுதுவது என்று ஆனியா கேட்டாள். அதின்ர அர்த்தத்தை மட்டும் போடு பிள்ளை என்று, அவளுக்கு விளங்காத தமிழிலேயே முதலில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அன்னைக்கு உங்கள் மொழியில் 'மாத்கா' என்று எழுதினாள். எப்படிச் சொல்வதென்று கேட்டேன். மூன்று தரம் திருத்தினாள். வீட்டுக்கு வரும் வழி முழுவதும், ஸ்ரீட்காரிலும் ரெயினிலும், வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கள் மொழியில் எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான், அண்ணை. பிழையில்லாமல் சொல்கிறேன்.